மீதி எட்டு ஊசி

மச்சான்,

போன ஞாயிற்றுக்கிழமை அக்கா வீட்டுக்கு வெள்ளையடிக்க ஆள் வந்திருந்தது. பரணில் இருந்ததையெல்லாம் நான்தான் இறக்கிப் போட்டேன். உங்கள் ஆஸ்பத்திரிக் காகிதங்கள் இருந்த ஜவுளிக்கடைப் பை அடியில் கிழிந்து, எல்லாம் முற்றத்தில் கொட்டிவிட்டது. ஸ்கேன் படங்களுக்கும் சீட்டுகளுக்கும் நடுவில் ஒரு மாத்திரை அட்டைப்பெட்டி. அதற்குள் பஞ்சு, பஞ்சுக்குள் விரல் நீளத்துக்கு ஒரு கண்ணாடிச் சில்லு. அதன் நடுவில், வெற்றிலைச் சாறு காய்ந்தது மாதிரி ஒரு கறை. ஓரத்தில் பென்சிலால் எழுதிய ஓர் எண். எடுத்து வெயிலுக்கு நேரே பிடித்துப் பார்த்தேன்.

ஏணியில் நின்ற ஆள், "அதென்னண்ணே?" என்றார்.

"இது எங்க மச்சான்" என்றேன்.

அவர் இறங்கி, கையிலிருந்த சுண்ணாம்பைக் கழுவிக்கொண்டு வந்து, கண்ணாடியைத் தொட்டுக் கண்ணில் ஒற்றிக்கொண்டார். அப்படி ஒரு மரியாதையைப் பார்த்தபிறகு சும்மா இருக்க முடியுமா? இது விமானத்தில் டெல்லி போய்வந்த கண்ணாடி, இதைப் பார்க்க நாலு நாட்டு டாக்டர்கள் வரிசையில் நின்றார்கள் என்று சொன்னேன். அவர் அன்றைக்கு ஒரு சுவரை இரண்டு தடவை அடித்தார். அது மதுரையைத் தாண்டியதில்லை என்பது உங்களுக்கும் எனக்கும் தெரியும்.

உங்களுக்கு மடல் எழுதுவது இதுவே முதல் தடவை. நீங்கள் இருந்தபோது எழுத வேண்டிய தூரத்தில் இருந்ததில்லை. ஓடைப்பட்டியில் உங்கள் திராட்சைத் தோட்டத்துக்கும் என் ஜீப் நிற்கும் கொட்டகைக்கும் நடுவில் ஒரு வாய்க்கால்தான். படிப்பும் எனக்கு ஒன்பதாவதோடு சரி. ஒன்பதை இரண்டு தடவை படித்ததால் பத்து என்று சொல்லிக்கொள்வேன், அதில் பெரிய தவறில்லை. எழுத்துப்பிழைகளை உங்கள் மகள் கலைவாணி திருத்திக் கொடுத்திருக்கிறாள். மற்றப் பிழைகளில் கை வைக்கக் கூடாது என்று அவளிடம் சொல்லிவிட்டேன்.

நாம் இரண்டு பேரும் ஒரே குடும்பத்தில் மாட்டிக்கொண்டது அக்காவின் கல்யாணத்தால்தான். இல்லையென்றால் பேசிப் பழகியிருக்க மாட்டோம். நான் கம்பத்திலிருந்து குமுளி மலை ஏறி, ஏலத்தோட்டத்துக்கு ஆள் ஏற்றிப் போகிறவன். மலைப்பாதையில் என் ஜீப்பின் ஹாரனைக் கேட்டால் கேரளத்துப் பஸ்ஸே ஒதுங்கி வழிவிடும். நான் மலையாளத்தில் சண்டை போட்டால், மலையாளிகளே சில வார்த்தைக்கு அர்த்தம் கேட்டுத் தெரிந்துகொள்வார்கள். நீங்களோ பந்தலுக்கு அடியில் தலையைக் குனிந்து நடந்து நடந்து, வெளியே வந்தபிறகும் குனிந்தே நடக்கிறவர். காலையில் ஒரு வார்த்தை, சாயந்தரம் ஒரு வார்த்தை. மழை எப்போது வரும் என்று கேட்டால் கூட, வந்தபிறகுதான் சொல்வீர்கள்.

ஆனால் ஒரு விஷயத்தில் உங்களை அசைக்க முடியாது. பூ வைத்துக் கேட்பது. கொடி மாற்றுவது, தண்ணீருக்குப் போர் போடுவது, கலைவாணியைக் கல்லூரிக்கு அனுப்புவது, எதுவானாலும் கோயிலில் செவ்வரளியை ஒரு பொட்டலமாகவும் முல்லையை ஒரு பொட்டலமாகவும் மடித்து வைத்து, கண்ணை மூடி ஒன்றை எடுப்பீர்கள். வெள்ளை வந்தால் சரி, சிவப்பு வந்தால் இல்லை. ஊரில் எல்லோரும் செய்வதுதான். ஆனால் மற்றவர்கள் சிவப்பு வந்தால் அடுத்த வெள்ளிக்கிழமை இன்னொரு கோயிலுக்குப் போய் மறுபடி கேட்பார்கள். நீங்கள் அப்படி இல்லை. மூன்றாவது போருக்குச் சிவப்பு வந்தது. நீரோட்டம் பார்க்கிறவர் அங்கேதான் தண்ணீர் என்று அடித்துச் சொல்லியும் நீங்கள் போடவில்லை. பக்கத்துத் தோட்டத்துக்காரர் வேலிக்கு அந்தப் பக்கம் ஆறடி தள்ளிப் போட்டார். தண்ணீர் பீய்ச்சிக்கொண்டு வந்தது. நாங்கள் எல்லோரும் வேலியோரம் நின்று பார்த்தோம்.

"இப்ப என்ன சொல்றீக மச்சான்?" என்று கேட்டேன்.

"கேட்டாச்சு, பதிலும் வந்துச்சு. மீறி நடக்கக்கூடாது" என்று சொல்லிவிட்டு நீங்கள் கவாத்து வெட்டப் போனீர்கள்.

இப்படிப்பட்ட மனிதருக்குத்தான் மலத்தில் ரத்தம் போக ஆரம்பித்தது. முதலில் யாரிடமும் சொல்லவில்லை. பிறகு என்னிடம் சொன்னீர்கள். அது மூலம்தான் என்று, ஒரு டாக்டரைப் போல, நான் தீர்ப்புச் சொன்னேன். குமுளிக்கு அந்தப் பக்கம் எனக்குத் தெரிந்த வைத்தியர் ஒருவர் இருந்தார். அவருடைய லேகியத்துக்கு வெளிநாட்டிலிருந்து ஆள் வருவதாக நானே ஊரில் பரப்பியிருந்தேன். பத்து மாதம் அந்த லேகியத்தை வாரம் ஒரு டப்பா என் ஜீப்பில் கொண்டுவந்து கொடுத்தேன். நீங்களும் ஒரு நாள் தவறாமல் சாப்பிட்டீர்கள். ஊரில் நான் சொன்ன எத்தனையோ கதைகளில் இந்த ஒன்றை மட்டும் யாரிடமும் சொன்னதில்லை.

கலைவாணி உத்தமபாளையத்தில் விலங்கியல் டீச்சர். அவள்தான் கடைசியில் உங்களை மதுரைக்கு இழுத்துக்கொண்டு போனாள். பெருங்குடலில் கட்டி. ஒரு முழம் அளவுக்குக் குடலை வெட்டி எடுத்தார்கள். பக்கத்து நெறிக்கட்டிகளிலும் பரவியிருந்ததால் பதினைந்து நாளுக்கு ஒன்றாகப் பன்னிரண்டு ஊசி போட வேண்டும் என்றார்கள். ஊசி என்றால் ஒரு குத்தோடு போவதில்லை, இரண்டு நாள் கையில் குழாய் தொங்கும்.

வார்டில் நீங்கள் படுத்திருந்தபோது ஒரு டாக்டரம்மா வந்தார். ஊசி போடுகிறவர் இல்லை, வெட்டி எடுத்ததைப் பரிசோதிக்கிறவர். வெட்டிய கட்டியில் ஒரு துணுக்கை ஆராய்ச்சிக்கு வைத்துக்கொள்ளச் சம்மதமா என்று ஒரு தாளை நீட்டினார். எதற்கு என்று கலைவாணி கேட்டாள். அவர் சொன்னதை அவள் நமக்குப் புரிகிற மாதிரி திருப்பிச் சொன்னாள்.

"குடலோட உள்பக்கத் தோலு நாலஞ்சு நாளைக்கு ஒருதரம் உதிர்ந்து புதுசா வரும்ப்பா. வேலை முடிஞ்சா ஒவ்வொரு செல்லும் தானா செத்துரும். அதுக்குன்னு உள்ளுக்குள்ள சில ஜீன் இருக்கு. சாவுன்னு சொல்ற ஜீன், சாகாதன்னு சொல்ற ஜீன். அதுல கோளாறு வந்து, சாக மாட்டேன்னு நிக்கிற செல்லு பெருகித்தேன் கட்டியாகுது. அந்த ஜீனுக எப்படி இருக்குன்னு பாத்தா, நோயி திரும்ப வருமா, யாருக்கு நல்லா ஆகும்னு முன்னாலயே சொல்ல முடியுமான்னு இவுக தேடுறாக."

நீங்கள் நிமிர்ந்து பார்த்து, "திரும்ப வருமா வராதான்னு தெரிஞ்சுருமா?" என்று டாக்டரம்மாவிடம் கேட்டீர்கள்.

"அதைத்தாங்க ஐயா தேடுறோம்" என்றார் அவர்.

நீங்கள் கையெழுத்துப் போட்டீர்கள். நான் பக்கத்துக் கட்டில்காரர்களிடம், எங்கள் மச்சானின் குடலை மட்டும் தனியாகத் தேர்ந்தெடுத்திருக்கிறார்கள் என்று சொல்லிக்கொண்டிருந்தேன். அந்த வார்டில் எல்லோரிடமும் அதே தாளை நீட்டியிருந்தார்கள் என்பது பிறகுதான் தெரிந்தது.

நாலு ஊசி ஒழுங்காகப் போட்டுக்கொண்டீர்கள். வாந்தி வந்தது, வாய் புண்ணானது, அதற்கெல்லாம் நீங்கள் ஒன்றும் சொல்லவில்லை. விரல் நுனி மரத்துப் போனதுதான் உங்களைத் தொந்தரவு செய்தது. காலையில் பச்சைத் தண்ணீர் குடித்தால் தொண்டையில் முள் குத்தும் என்பீர்கள். ஒரு நாள் பந்தலில் கவாத்துக் கத்திரியைக் கையில் எடுத்துவிட்டு உடனே கீழே போட்டீர்கள்.

"இரும்பத் தொட்டா கரண்ட் அடிக்குது மாப்ள."

"ஊசி வேலை செய்யுதுன்னு அர்த்தம் மச்சான்" என்றேன். அப்படி ஓர் அர்த்தம் இருக்கிறதா என்று எனக்குத் தெரியாது.

ஐந்தாவது ஊசிக்கு நீங்கள் கிளம்பவில்லை. கை மரத்ததால்தான் பயந்துவிட்டீர்கள் என்று அக்கா நினைத்தாள். பதினைந்து நாள் போனது, ஒரு மாதம் போனது. கலைவாணி கெஞ்சிப் பார்த்துவிட்டு, உங்களோடு பேச்சை நிறுத்திப் பார்த்தாள். உங்களோடு பேச்சை நிறுத்தினால் உங்களுக்கு எப்படித் தெரியும்? ஒன்றரை மாதம் ஆனபோது அக்கா என் கொட்டகைக்கே வந்துவிட்டாள்.

"ஏலே தம்பி, ஊரெல்லாம் பேசுறியே, எங்க வீட்டு மனுசர்கிட்ட ஒரு வார்த்தை பேசுடா. இவுக ஊசிய விட்டுட்டு உக்காந்திருக்காக."

வந்து கேட்டேன். நீங்கள் பந்தல் கம்பியை முறுக்கிக்கொண்டிருந்தீர்கள்.

"நாளைக்கு மதுரைக்கு வண்டி எடுக்கவா மச்சான்?"

"வேணாம்."

"ஊசி நாளு தள்ளிப் போச்சே."

"பூ வச்சிருக்கு மாப்ள. பதில் வரட்டும்."

எந்தக் கோயிலில் என்று கேட்டேன். நீங்கள் என்னை ஒன்பதாம் வகுப்பு வாத்தியார் பார்த்த மாதிரி பார்த்தீர்கள்.

"ஆஸ்பத்திரியில. அந்தம்மா எடுத்துட்டுப் போனாகள்ல? திரும்ப வருமா வராதான்னு கேட்டுத்தான வச்சிருக்காக. கேள்விய வச்சுட்டு, பதில் வாரதுக்கு முன்னால எவனாச்சும் போர் போடுவானா?"

"அது பூ இல்ல மச்சான், ஆராய்ச்சி."

"கேள்வி கேள்விதேன்" என்றீர்கள். "வராதுன்னு பதில் வந்தா இந்த ஊசி எதுக்கு? வரும்னு வந்தாலும் இந்த ஊசி எதுக்கு? பதில் தெரியட்டும்."

நேரே கலைவாணியிடம் போய்ச் சொன்னேன்.

மறுநாளே கலைவாணியும் நானும் மதுரைக்குப் போனோம், பஸ்ஸில். என் ஜீப்பில் அவள் ஏற மாட்டாள், பின்சீட்டுக்காரரிடம் திரும்பிப் பேசிக்கொண்டே ஓட்டுவேன் என்று அவளுக்குப் பயம். டாக்டரம்மா நாற்காலியை என் பக்கம் இழுத்துப் போட்டு ஒரு மணி நேரம் பேசினார் என்று ஊரில் சொல்லியிருக்கிறேன். உண்மையில் நின்றுகொண்டேதான் பேசினார். ஆனால் பொறுமையாகப் பேசினார். மெழுகுக்கட்டிக்குள் பதித்து வைத்த உங்கள் துணுக்கைக் காட்டினார். கேரம்போர்டு காய் அளவுக்கு வெள்ளை மெழுகு, நடுவில் புழுங்கல் அரிசி நிறத்தில் நீங்கள். அதை வெங்காயத்தோலைவிட மெல்லிசாகச் சீவி, கண்ணாடியில் ஒட்டி, மருந்து ஊற்றினால், அந்த ஜீன் வேலை செய்கிற இடத்தில் பழுப்பு நிறம் பிடிக்குமாம். மைக்ராஸ்கோப்பில் என்னையும் பார்க்கவிட்டார். வாழைப்பழத்தில் விழும் புள்ளிகள் மாதிரி அங்கங்கே பழுப்பு. ஒரு ஜீனின் பெயர் டவுன்பஸ் நம்பர் மாதிரி பி-ஐம்பத்துமூன்று என்று இருந்தது. ஊரில் சொல்வதற்காக அதை மனப்பாடம் செய்துகொண்டேன்.

"எங்க மச்சானுக்கு எப்படி இருக்கு, வருமா வராதா? ஒரே வார்த்தைல சொல்லுங்க" என்றேன்.

"அது எனக்கே தெரியாதுங்க" என்றார். "இது போல நிறையப் பேரோட துணுக்க பாக்கிறோம். அவங்க எல்லாரும் சில வருஷத்துல எப்படி இருக்காங்கன்னும் பாக்கணும். அதுக்கப்புறம் கூட, இந்த மாதிரி இருக்கிற நூறு பேர்ல இத்தனை பேருக்குத் திரும்ப வரலாம்னுதான் சொல்ல முடியும். உங்க மச்சான் அந்த நூறுல எந்தப் பக்கம்னு சொல்ல முடியாது. தனியா யாருக்கும் நாங்க முடிவு கொடுக்கிறதும் இல்ல. அவரு ஊசிய விட்டுட்டாருன்னு சொல்றீங்களே, அதுதான் எனக்குக் கவலை. இதுக்கும் அதுக்கும் சம்பந்தமே இல்ல. மீதி எட்டு ஊசியப் போடச் சொல்லுங்க."

வகுப்பில் காட்ட உங்கள் துணுக்கிலேயே ஒரு சாதாரணக் கண்ணாடி கிடைக்குமா என்று கலைவாணி கேட்டாள். அவர் ஒன்றைப் பஞ்சு வைத்துக் கொடுத்தார். பழுப்புப் புள்ளி எதுவும் அதில் இல்லை. திசு தெரிவதற்காக எல்லாவற்றுக்கும் போடுகிற சிவப்பும் ஊதாவும் மட்டும்தான்.

திரும்பும்போது ஆண்டிபட்டிக் கணவாய் வரை நான் வாய் திறக்கவில்லை. கலைவாணி இரண்டு தடவை என் நெற்றியைத் தொட்டுப் பார்த்தாள். எனக்குள் ஒரு கணக்கு ஓடிக்கொண்டிருந்தது. உங்களுக்கு ஒரு பதில் வேண்டும். பதில் கிடைக்காது என்று சொன்னால் கிடைக்கும்வரை உட்கார்ந்திருப்பீர்கள். வெள்ளை என்று சொன்னால் ஊசி எதற்கு என்பீர்கள். சிவப்பு என்றாலும் ஊசி எதற்கு என்பீர்கள். இரண்டுக்கும் நடுவில் ஒன்றைக் கட்ட வேண்டும். கட்டுவது எனக்குப் புதிதா?

"இப்படிச் சொல்லுவமா?" என்றேன். "சாவுங்கற உத்தரவு அப்பாவோட செல்லுல இருக்கு, ஆனா தூங்குது. ஊசி போனாத்தேன் அது முழிக்கும். நாலு ஊசியில பாதி முழிச்சிருக்கு. மீதி எட்டையும் போட்டா முழுசா முழிச்சுரும்."

அவள் ஜன்னல் பக்கமிருந்து என் பக்கம் திரும்பினாள்.

"ஊசி மருந்து செய்யுறதும் ஏறக்குறைய அதுதேன் மாமா. செல்லத் தானா சாக வைக்கிறது. இத எங்கன படிச்சீக?"

"எங்கனயும் படிக்கல. வந்துச்சு."

"ஆனா இது அப்பாவோட ரிசல்ட்டுன்னு சொன்னா பொய். நான் சொல்ல மாட்டேன்."

"நீ சொல்ல வேணாம் தாயி. பக்கத்துல நில்லு, போதும்."

"பொய்க்குப் பக்கத்துல நிக்கிறதும் பொய்தேன்."

"டீச்சர் வேலைய பஸ்ஸுக்குள்ள பாக்காத" என்றேன். அவள் பஞ்சு வைத்த கண்ணாடியைப் பையிலிருந்து எடுத்து என் மடியில் வைத்தாள்.

அன்று சாயந்தரம் முற்றத்தில் நீங்கள் கயிற்றுக் கட்டிலில் இருந்தீர்கள். அக்கா தூணைப் பிடித்துக்கொண்டு நின்றாள். நான் கண்ணாடியை மேற்கு வெயிலுக்கு நேரே பிடித்தேன். சிவப்பும் ஊதாவும் நன்றாகத் தெரிந்தன. ரெண்டு நிறமும் இருக்கிறது பாருங்கள் என்று ஆரம்பித்து, தூங்குகிற உத்தரவையும், அதை எழுப்புகிற ஊசியையும், பி-ஐம்பத்துமூன்றையும் சேர்த்துச் சொன்னேன். நானே நம்பிவிடுகிற அளவுக்கு நன்றாக வந்தது. நீங்கள் கண்ணாடியை வாங்கி, திராட்சைக் குலையைப் பார்ப்பது மாதிரி திருப்பித் திருப்பிப் பார்த்தீர்கள்.

"அந்தம்மா தன் வாயால சொன்னாகளா?"

"சொன்னாக."

பிறகு கலைவாணியின் பக்கம் திரும்பினீர்கள். "என்ன தாயி, மாமா சொல்றது நெசமா?"

அவள் உங்கள் காலடியில் உட்கார்ந்தாள்.

"மீதி எட்டு ஊசியும் கட்டாயம் போடணும்னு டாக்டர் சொன்னாகப்பா. அது நெசம்."

நீங்கள் கண்ணாடியை அக்காவிடம் கொடுத்துப் பத்திரமாக வைக்கச் சொன்னீர்கள். "அப்ப வண்டிய எடு மாப்ள" என்றீர்கள். நாலாவது ஊசிக்கும் ஐந்தாவது ஊசிக்கும் நடுவில் மொத்தம் இரண்டு மாதம். எட்டையும் போட்டு முடித்தீர்கள். ஒன்றைக்கூடத் தள்ளவில்லை. விரல் மரப்பு பந்தல் வேலையே செய்யவிடாமல் ஆக்கியபோதும், துணியைச் சுற்றிக்கொண்டு கத்திரியைப் பிடித்தீர்கள்.

அதற்குப்பிறகு ஒரு வருஷத்துக்குமேல் நன்றாக இருந்தீர்கள். எடை கூடியது, கவாத்து முழுவதையும் நீங்களே வெட்டினீர்கள். அந்தக் காலத்தில் நான் கம்பத்துக்கும் தேனிக்கும் நடுவில் செய்யாத பிரசங்கம் இல்லை. தூங்குகிற உத்தரவை எழுப்பின கதையை டீக்கடையில், ஒர்க்‌ஷாப்பில், ஏலத்தோட்டத்துக்குப் போகிற பொம்பளைகளிடம், செக்போஸ்டில் மலையாளத்தில், எல்லா இடத்திலும் சொன்னேன். மதுரை ஆஸ்பத்திரிக்கு யாராவது போவதென்றால் முதலில் என்னிடம் வந்து கேட்டுவிட்டுப் போனார்கள். எனக்கு அதில் கொஞ்சம் பெருமைதான், மறைக்கவில்லை.

பிறகு ஈரலில் வந்தது. ஸ்கேன் எடுத்துவிட்டு வந்து ஒரு வாரம் கழித்து நீங்கள் எல்லோரையும் உட்காரவைத்தீர்கள். அழுகை எதுவும் இல்லை. திராட்சைக்கு என்ன நோய் வந்தது என்று சொல்கிற குரலில் சொன்னீர்கள்.

"எல்லாம் என்னாலதேன். எழுந்திரிச்சத நான் ரெண்டு மாசம் திரும்பத் தூங்க விட்டேன். நாள் தவறாம போட்டிருந்தா முழுசா முழிச்சிருக்கும்."

அக்கா முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டு, "அப்பவே தலைபாடா அடிச்சுக்கிட்டனே, கேட்டீகளா?" என்றாள். அவளுக்கு ஒரு வாரமாக அதே நினைப்புத்தான். சோற்றைப் போட்டு வைத்துவிட்டு உங்கள் முகத்தைப் பார்க்காமல் போய்க்கொண்டிருந்தாள். பஸ்ஸில் ஒரு கணவாயைத் தாண்டுவதற்குள் நான் கட்டிய ஒரு வாக்கியம், உங்களைக் குற்றவாளியாகவும் அவளை நீதிபதியாகவும் ஆக்கி உட்கார வைத்திருந்தது. அது நான் கட்டினது, தூங்குகிறதும் இல்லை முழிக்கிறதும் இல்லை என்று சொல்லத்தான் வாயைத் திறந்தேன். சத்தியமாக அதைச் சொல்லத்தான் திறந்தேன். ஆனால் பழக்கம் வேறு பக்கம் இழுத்துவிட்டது.

"மச்சான், போன வாரம் டாக்டரம்மா எனக்குப் போன் பண்ணாக. இடையில ரெண்டு மாசம் விட்டதுனால ஒண்ணும் கெட்டுப் போகலைன்னு சொன்னாக. அதுக்கும் இதுக்கும் சம்பந்தமே இல்லையாம்."

நீங்கள் என்னை நம்பவில்லை. எனக்குத் தெரிந்தது. கலைவாணியைப் பார்த்தீர்கள். பொய்க்குப் பக்கத்தில் நிற்பதே பொய் என்று சொன்னவள். அவள் தலையைக் கூடக் குனியவில்லை.

"ஆமாப்பா. எங்கிட்டயும் சொன்னாக."

நீங்கள் மூச்சை விட்டீர்கள். அக்கா எழுந்து போய் உங்களுக்கு வெந்நீர் கொண்டுவந்து கொடுத்து, நீங்கள் குடித்து முடிக்கும்வரை பக்கத்தில் இருந்தாள். அதற்குப்பிறகு இருந்த நாலரை மாதத்தில் அந்தப் பேச்சை நீங்கள் எடுக்கவில்லை, அவளும் எடுக்கவில்லை. போகும்போது அவள் மடியில்தான் தலை இருந்தது.

பதினாறாம் நாள் முடிந்து உறவுக்காரர்கள் கிளம்பிய பிறகு, கலைவாணி என்னைக் கொட்டகையில் வந்து பார்த்தாள்.

"மாமா, அன்னைக்கு நாம சொன்னது நெசமான்னு போய்க் கேட்டுட்டு வாங்க. எனக்குப் போறதுக்குத் தெம்பு இல்ல."

"இனிமே கேட்டு என்ன ஆகப்போகுது?"

"நான் ஒரு பொய் சொல்லியிருக்கேன். அது பொய்தானான்னு எனக்குத் தெரியணும்."

போனேன். டாக்டரம்மா அதே மேசைக்குப் பின்னால் இருந்தார். இந்தத் தடவை உட்காரச் சொன்னார். ஆராய்ச்சி இன்னும் முடியவில்லை, இன்னும் ஆளும் வேண்டும் வருஷமும் வேண்டும் என்றார். உங்கள் எண்ணுக்கு நேரே இப்போது நீங்கள் போன தேதியை எழுத வேண்டியிருந்தது, அதைக் கேட்டுக் குறித்துக்கொண்டார். நான் கேட்க வந்ததைக் கேட்டேன்: ரெண்டு மாதம் விட்டதால்தான் போனாரா, விடாமல் இருந்திருந்தாலும் போயிருப்பாரா? லேகியம் தின்ற பத்து மாதத்தையும் சேர்த்துக் கேட்டேன். அதை வாய்விட்டுச் சொன்னது அன்றைக்குத்தான்.

அவர் பேனாவை மூடினார். "சீக்கிரம் வந்திருந்தா நல்லதுதான். விடாம போட்டிருந்தாலும் நல்லதுதான். ஆனா உங்க மச்சான் விஷயத்துல எது காரணம்னு கேட்டா, தெரியாதுங்க. யாராலயும் சொல்ல முடியாது."

சாயந்தரம் உத்தமபாளையத்தில் இறங்கிப் பள்ளிக்கூட வாசலில் நின்றேன். கலைவாணி நோட்டுக் கட்டோடு வெளியே வந்தாள்.

"என்ன சொன்னாக?"

மதுரையிலிருந்து வருகிற வழியெல்லாம் எனக்கு நல்ல நல்ல வாக்கியங்கள் வந்துகொண்டுதான் இருந்தன. அவளைத் தேற்றக் கூடியவை, என்னையும் தேற்றக் கூடியவை.

"தெரியாதுன்னு சொன்னாக."

"வேற?"

"வேற ஒண்ணும் இல்ல. அம்புட்டுத்தேன்."

அவள் என்னையே பார்த்தாள். பிறகு நோட்டுக் கட்டில் பாதியை எடுத்து என் கையில் கொடுத்துவிட்டு, பஸ் ஸ்டாண்டுப் பக்கம் நடந்தாள். நானும் பின்னால் போனேன்.

இப்போதும் ஆட்கள் என்னிடம்தான் வருகிறார்கள் மச்சான். என் பழைய பிரசங்கம் இந்தப் பள்ளத்தாக்கில் இன்னும் ஓடிக்கொண்டிருக்கிறது, நிறுத்த முடியவில்லை. போன மாதம் சுருளிப்பட்டியிலிருந்து ஒருவர் வந்தார். அவர் சம்சாரத்துக்கு உங்களுக்கு வந்த அதே இடத்தில் வந்திருக்கிறது. ஜீன் பார்த்துச் சொல்வார்களாமே, அதெல்லாம் எனக்குத் தெரியுமாமே என்று கேட்டார்.

"பொழச்சுக்குவாளாண்ணே?"

"தெரியாதுய்யா" என்றேன்.

அவர் முகம் சுண்டிவிட்டது. இவ்வளவு தூரம் வந்தது இதற்கா என்று பார்த்தார். அந்தப் பார்வை எனக்கு இன்னும் பழகவில்லை. குமுளியில் எப்படி ஜீப் ஓட்டுவேன் என்று வேண்டுமானால் ராத்திரி வரை சொல்லியிருப்பேன். இதில் மட்டும் அந்த ஒரு சொல்லோடு நிறுத்திக்கொள்கிறேன். உங்களிடம் சொல்லியிருக்க வேண்டிய சொல். அதைச் சொன்னால் நீங்கள் ஊசி போட்டிருக்க மாட்டீர்கள் என்றும் ஒரு மனம் சொல்கிறது. அதுவும் தெரியாது.

"நாள் மட்டும் தவற விடாதீக. வண்டி நான் எடுக்குறேன்" என்று அவரிடம் சொன்னேன்.

நாளைக்கு அவர் சம்சாரத்துக்கு மூன்றாவது ஊசி. விடியற்காலை ஐந்து மணிக்குச் சுருளிப்பட்டியில் இருக்க வேண்டும்.